சந்தேகம் தீர்ந்தால் விலை ஏறும்!

பழைய டூரிங் பைக்கை விற்பவர்கள் எங்கே கோட்டை விடுகிறார்கள்? திருப்போரூர் - மாமல்லபுரம் வட்டாரத்தை முன்வைத்து ஓர் அலசல்

சென்னையிலிருந்து மாமல்லபுரத்துக்கு இரண்டு வழிகள். கடலை ஒட்டிப் போவது கிழக்குக் கடற்கரைச் சாலை. கேளம்பாக்கம், திருப்போரூர் வழியாகப் போவது பழைய மகாபலிபுரம் சாலை. திருப்போரூரிலிருந்து கிழக்கே நெம்மேலிக்குப் போகும் குறுக்குச் சாலை இரண்டையும் இணைக்கிறது. ஒரு டூரிங் பைக் பிறந்து, வளர்ந்து, கைமாறும் கதை முழுவதையும் இந்த வட்டாரத்தைச் சுற்றியே பார்த்துவிடலாம். ராயல் என்ஃபீல்டு நிறுவனம் 2013-ல் ஒரகடத்திலும் 2017-ல் வல்லம் வடகாலிலும் ஆலை தொடங்கியது. அங்கே தயாராகும் வண்டிகளை மாதத் தவணையில் வாங்க வசதியுள்ள இளைஞர்கள் சிறுசேரி சிப்காட்டில் வேலை பார்க்கிறார்கள். வாங்கிய வண்டியை விரட்டிப் பார்க்கக் கடற்கரைச் சாலை இருக்கிறது. வெளிநாட்டு வேலை, கல்யாணம், குழந்தை, முதுகுவலி என்று ஏதாவது ஒன்று வந்ததும், அதே வண்டி அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் கவர் போட்டு நிற்கிறது. பிறகு ஒருநாள் விற்பனைக்கு வருகிறது.

விற்பனைக்கு வரும்போது எழுதப்படும் வாசகங்கள் அநேகமாக ஒரே மாதிரிதான் இருக்கும்: “சிங்கிள் ஓனர், ஷோரூம் கண்டிஷன், லடாக் போய்வந்த வண்டி, ஆக்ஸசரீஸ் மட்டுமே 60,000, ஃபிக்ஸட் ரேட்.” எதிர்த் தரப்பிலிருந்து வரும் முதல் கேள்வியும் மாறுவதில்லை: “லாஸ்ட் என்ன ப்ரோ?” ஒருவர் தான் செலவழித்ததைக் கூட்டிக்கொண்டிருக்கிறார், இன்னொருவர் தனக்கு வரப்போகும் செலவைக் கூட்டிக்கொண்டிருக்கிறார். இரண்டு கணக்குகளும் சந்திப்பதே இல்லை. அதனால்தான் நல்ல வண்டிகள்கூட மாதக்கணக்கில் விலைபோகாமல் நிற்கின்றன, அல்லது அலுத்துப்போய் அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடப்படுகின்றன. இந்தக் கட்டுரை சொல்லவருவது ஒன்றுதான். பழைய டூரிங் பைக்கின் விலையில் பெரிய தள்ளுபடி தேய்மானத்துக்காகப் போவதில்லை, சந்தேகத்துக்காகப் போகிறது. விற்பவர் தீர்த்துவைக்கும் ஒவ்வொரு சந்தேகமும் அவருக்குப் பணம்.

மூன்று தப்புக் கணக்குகள்

விலை சொல்பவர்கள் பிடித்துக்கொள்ளும் முதல் எண், தாங்கள் அன்றைக்குக் கொடுத்த ஆன்-ரோடு விலை. இதில் வண்டியின் விலையோடு ஆயுள் வரி, இன்ஷூரன்ஸ், பதிவுக் கட்டணம் எல்லாம் சேர்ந்திருக்கின்றன. இன்ஷூரன்ஸ் பாதிக்கு மேல் தீர்ந்துபோயிருக்கும். அதற்காக வாங்குபவர் ஏன் பணம் தர வேண்டும்? அவருடைய அளவுகோல் வேறு: “இதே வேலையைச் செய்யும் புது வண்டி இன்றைக்கு என் கைக்கு வர எவ்வளவு ஆகும்?” இந்த அளவுகோல் சில சமயம் விற்பவருக்குச் சாதகமாகவே இருக்கும். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் மோட்டார் சைக்கிள்களுக்கான ஆயுள் வரி 8 சதவிகிதத்திலிருந்து உயர்ந்தது. 1 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட வண்டிகளுக்கு இப்போது 12 சதவிகிதம். டூரிங் பைக் என்று சொல்லத்தக்க எதுவும் 1 லட்சத்துக்குள் அடங்காது. தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பழைய வண்டியை வாங்குபவர் இந்த வரியை மறுபடி கட்ட வேண்டியதில்லை. விற்பவர்கள் சொல்ல மறந்துவிடும் நியாயமான வாதம் இது.

இரண்டாவது எண், இன்ஷூரன்ஸ் பாலிசியில் இருக்கும் ஐ.டி.வி. மதிப்பு. வண்டி திருடு போனாலோ முழுதாகச் சிதைந்தாலோ இன்ஷூரன்ஸ் நிறுவனம் தரும் உச்சத் தொகை அது. அதற்கு ஓர் அட்டவணை இருக்கிறது. ஓராண்டு முடிந்து இரண்டாம் ஆண்டில் 20 சதவிகிதம், மூன்றாம் ஆண்டில் 30, நான்காம் ஆண்டில் 40, ஐந்தாம் ஆண்டில் 50 சதவிகிதம் என்று கழித்துக்கொண்டே போகும். எந்த வண்டியாக இருந்தாலும் ஒரே கழிவு. தேடி அலைந்து வாங்கப்படும் மாடலும், ஆண்டுக்கணக்கில் சீந்துவாரில்லாமல் கிடக்கும் மாடலும் அந்த அட்டவணைக்கு ஒன்றுதான். எனவே ஐ.டி.வி.யைக் காட்டி விலையைக் குறைக்கச் சொல்பவரிடமும், அதைக் காட்டி விலையை உயர்த்தப் பார்ப்பவரிடமும் ஒரே பதிலைச் சொல்லலாம்: இது சந்தை விலை அல்ல.

மூன்றாவது, விளம்பரங்களைப் பார்த்து விலை வைப்பது. விளம்பரத்தில் இருப்பது விற்பவரின் ஆசை. உயர்ந்த விலை சொல்லப்பட்ட வண்டிதான் விற்காமல் நெடுநாள் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். நியாயமான விலை சொல்லப்பட்டது போய்ச்சேர்ந்துவிடும். ஆகவே விளம்பரங்களின் சராசரி எப்போதும் உண்மை விலையைவிட மேலே இருக்கும். போதாக்குறைக்கு, பெயர் ஒன்றாக இருந்தாலும் வண்டி ஒன்றாக இருப்பதில்லை. ராயல் என்ஃபீல்டின் ஹிமாலயன் 411-ஐ எடுத்துக்கொள்வோம். 2016 மார்ச்சில் வந்தபோது அது கார்புரேட்டர் வண்டி. 2017-ல் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன், பிறகு ஏ.பி.எஸ்., 2020-ல் பி.எஸ்.6 மாசு விதிக்கேற்ற எஞ்சின், 2021-ல் வழிகாட்டும் டிரிப்பர் மீட்டர் என்று மாறிக்கொண்டே வந்தது. 2023 இறுதியில் 452 சி.சி. ஹிமாலயன் வந்ததும் பழையது நிறுத்தப்பட்டது. “ஹிமாலயன் என்ன விலைக்குப் போகுது?” என்ற கேள்விக்குள் குறைந்தது நான்கு வண்டிகள் ஒளிந்திருக்கின்றன. ஒப்பிட வேண்டியது அதே ஆண்டு, அதே தலைமுறை, அதே மாநிலப் பதிவு கொண்ட, உண்மையில் விற்று முடிந்த இரண்டு மூன்று வண்டிகளின் விலையைத்தான். அதைச் சொல்லக்கூடியவர்கள் ரைடர் குழு நண்பர்களும் உள்ளூர் மெக்கானிக்கும்.

ஒரே இரவில் மாறும் விலை

நம் கையில் இல்லாத காரணங்களும் விலையை அசைக்கும். 2017 மார்ச் 29 அன்று, ஏப்ரல் 1 முதல் பழைய பி.எஸ்.3 மாசு விதிப்படி தயாரான வண்டிகளை விற்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. கையிருப்பைத் தள்ளிவிட ஷோரூம்கள் அடுத்த இரண்டு நாள் தள்ளுபடித் திருவிழா நடத்தின. புது வண்டியே விலை சரிந்து கிடைக்கும்போது ஓராண்டு ஓடிய வண்டிக்கு யார் பழைய விலையைத் தருவார்கள்? அண்மை உதாரணம் இன்னும் தெளிவானது. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி. வரையிலான பைக்குகளுக்கான ஜி.எஸ்.டி. 28 சதவிகிதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. 350 சி.சி.க்கு மேற்பட்டவற்றுக்கு, செஸ் சேர்த்து 31 சதவிகிதமாக இருந்தது 40 ஆக உயர்ந்தது.

இந்த வரி மாற்றத்தைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஷோரூம் விலை 2 லட்சமாக இருந்த 350 சி.சி. வண்டி, வரிக் குறைப்பு முழுவதும் வாடிக்கையாளருக்கு வந்தால் 1,84,375 ரூபாயாகும். 3 லட்சமாக இருந்த 400, 450 சி.சி. வண்டி, வரி உயர்வு முழுவதும் வாடிக்கையாளர் தலையில் விழுந்தால் ஏறக்குறைய 3,20,600 ரூபாயாகும். ஆயுள் வரியும் விலையை ஒட்டியே போடப்படுவதால் வித்தியாசம் இன்னும் சற்று விரியும். அன்றிரவு இரண்டு வண்டிகள் ஒரே பார்க்கிங்கில் நின்றிருந்தால், ஒன்றின் மறுவிற்பனை மதிப்பு சில ஆயிரங்கள் இறங்கியது. மற்றதன் மதிப்புக்கு முட்டுக் கிடைத்தது. இரண்டு உரிமையாளர்களும் எதுவும் செய்யவில்லை. ‘நான் இவ்வளவு கொடுத்தேன்’ என்ற கணக்கு எவ்வளவு பலவீனமானது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். 350 சி.சி. வண்டியை விற்பவர் புது விலையிலிருந்து இறங்கி வரத்தான் வேண்டும். 350 சி.சி.க்கு மேல் வைத்திருப்பவர், “புதுசு இப்போ எவ்வளவுன்னு பாருங்க” என்று தைரியமாகச் சொல்லலாம்.

நல்ல வண்டிக்கு ஏன் நல்ல விலை கிடைப்பதில்லை?

அமெரிக்கப் பொருளியலாளர் ஜார்ஜ் அக்கெர்லாஃப் 1970-ல் ஒரு கட்டுரை எழுதினார். பழைய கார்ச் சந்தையை உதாரணமாக வைத்து எழுதிய அந்தக் கட்டுரையை மூன்று ஆய்விதழ்கள் ஏற்க மறுத்து, நான்காவதுதான் வெளியிட்டது. 2001-ல் அவருக்குப் பொருளியல் நோபல் பரிசு கிடைத்ததில் அந்தக் கட்டுரைக்குப் பெரும்பங்கு உண்டு. அதன் சாரம் இது: விற்பவருக்கு வண்டியின் குறை தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. தெரியாதவர் நல்ல வண்டி, ஓட்டை வண்டி இரண்டுக்கும் நடுவில் ஒரு சராசரி விலையைத்தான் சொல்வார். அந்த விலை நல்ல வண்டிக்காரருக்குக் கட்டுபடியாகாது, அவர் விலகிக்கொள்வார். மிஞ்சுவது ஓட்டை வண்டிகள். சராசரி இன்னும் இறங்கும். தேங்காயைத் தட்டிப் பார்த்து வாங்கலாம், எஞ்சினைத் தட்டிப் பார்த்து வாங்க முடியாது என்பதுதான் சிக்கலின் வேர்.

டூரிங் பைக்கில் இந்தச் சிக்கல் இரட்டிப்பாகும். ஆபீஸுக்குப் போய்வரும் 110 சி.சி. வண்டி என்ன பாடுபட்டிருக்கும் என்பதை யாரும் ஊகித்துவிடலாம். லடாக்குக்கோ ஸ்பிட்டிக்கோ போய்வந்த வண்டியை அப்படி ஊகிக்க முடியாது. ஆற்றைக் கடந்ததா, எங்கேயாவது விழுந்ததா, ஏர் ஃபில்டரைக் கவனித்தார்களா, சுமையேற்றி ஓட்டியதில் பின்சக்கர ஸ்போக் தளர்ந்ததா, மலையேற்றத்தில் கிளட்ச் கருகியதா? விற்பவர் ‘லடாக் போய்வந்த வண்டி’ என்று பெருமையாக எழுதும் அதே வரியை வாங்குபவர் எச்சரிக்கையாகப் படிக்கிறார். ஒவ்வொரு சந்தேகத்துக்கும் அவர் மனத்துக்குள் ஒரு தொகையைக் கழிக்கிறார். தெரிந்த செலவு 20,000 என்றால் அவர் கழிப்பது 20,000. தெரியாத செலவு என்றால், அது 5,000-ல் முடியக்கூடியதாக இருந்தாலும், அவர் கழிப்பது 40,000. விற்பவர் இழப்பது இந்த இடைவெளியில்தான்.

உப்புக் காற்றும் ஃபோர்க் குழாயும்

இந்த வட்டாரத்துக்கென்றே ஒரு சந்தேகம் உண்டு. அது உப்பு. கிழக்கே கடல், முட்டுக்காட்டிலிருந்து தெற்கே நீளும் கழிமுகம், இடையிடையே உப்பளங்கள். கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையும் நெம்மேலியில்தான் இருக்கிறது. இங்கே வெளியில் நிற்கும் வண்டி மதுரையிலோ சேலத்திலோ நிற்கும் வண்டியைவிட வேகமாகத் துருப்பிடிக்கும். உப்பு உலோகத்தை என்ன செய்யும் என்பதற்குப் பதிவான சான்று ஒன்று உண்டு. 2020-ல் ராயல் என்ஃபீல்டு நிறுவனம் பிரிட்டன், ஐரோப்பா, தென்கொரியா ஆகிய இடங்களில் விற்ற 15,200 வண்டிகளைச் சரிசெய்யத் திரும்ப அழைத்தது. இன்டர்செப்டர் 650, கான்டினென்டல் ஜிடி 650, ஹிமாலயன் ஆகிய மாடல்கள் அவை. குளிர்காலத்தில் பனியை உருக்கச் சாலையில் கொட்டப்படும் உப்பு, பிரேக் கேலிப்பரை அரிக்கக்கூடும் என்பதே காரணம். நம் ஊர் உப்பு காற்றில் வருகிறது, அளவும் குறைவு. ஆனால் அது ஆண்டு முழுதும் வருகிறது.

விவரம் தெரிந்த மெக்கானிக் முதலில் குனிந்து பார்ப்பது முன்சக்கரத்துக்கு மேலே இருக்கும் ஃபோர்க் குழாயைத்தான். கண்ணாடிபோல் மின்ன வேண்டிய அந்தக் குரோம் பூச்சில் ஊசிமுனை அளவுக்குத் துருப்புள்ளிகள் இருக்கின்றனவா என்று விரல் நகத்தால் வருடிப் பார்ப்பார். நகம் இடறினால் அங்கே ஒரு குழி இருக்கிறது. ஃபோர்க் ஒவ்வொரு முறை அமுங்கி எழும்போதும் அந்தக் குழி ஆயில் சீலைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுக்கும். சீல் மாற்றுவது சின்ன வேலை. குழாயே குழி விழுந்திருந்தால் புது சீலும் கொஞ்ச நாளில் கசியும். அடுத்தது டயர். பக்கவாட்டில் வார்த்திருக்கும் நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு வாரத்தையும் பின்னிரண்டு ஆண்டையும் குறிக்கும். 2323 என்றால் 2023-ன் 23-வது வாரம். மீட்டரில் 9,000 கிலோமீட்டர் காட்டும் 2020 மாடல் வண்டியில் பின்டயர் 2023-ல் தயாரானது என்றால், முதல் டயர் அவ்வளவு சீக்கிரம் ஏன் மாறியது? பஞ்சர் காரணமாக இருக்கலாம், மீட்டரைக் குறைத்ததும் காரணமாக இருக்கலாம். பிரேக் பெடலின் தேய்மானமும் கைப்பிடி ரப்பரின் வழவழப்பும் எது உண்மை என்று சொல்லிவிடும்.

இதையெல்லாம் வாங்குபவர் கண்டுபிடிப்பதற்கு முன்னால் விற்பவரே சொல்லிவிட வேண்டும். டயர் மாற்றிய பில்லை எடுத்துக் காட்டினால் மேலே சொன்ன சந்தேகம் அங்கேயே முடிந்தது. கம்பெனி சர்வீஸ் சென்டரில் விட்ட வண்டியென்றால் ஒவ்வொரு சர்வீஸின்போதும் ஓடிய கிலோமீட்டர் பதிவாகியிருக்கும். அந்தப் பதிவை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. மீட்டரை யாரும் திருத்தலாம். ஆறு ஆண்டுகளில் படிப்படியாக ஏறிய கிலோமீட்டர்களைக் காட்டும் பில் வரிசையை இட்டுக்கட்டுவது கடினம்.

விலை வைக்கும் முறை

அப்படியானால் எப்படித்தான் விலை வைப்பது? முதலில், விற்று முடிந்த ஒத்த வண்டிகளின் விலையிலிருந்து ஒரு வரம்பைப் பிடிக்க வேண்டும். அந்த வரம்பின் மேல்முனை, புது வண்டியின் இன்றைய ஆன்-ரோடு விலைக்கு மிக அருகில் போய்விடக்கூடாது. வித்தியாசம் சொற்பமாக இருந்தால் வாங்குபவர் லோன் போட்டுப் புதிதையே எடுத்துக்கொள்வார். அடுத்து, வாங்குபவர் முதல் ஆறு மாதத்தில் செய்யப்போகும் செலவுகளைப் பட்டியலிட வேண்டும்: டயர், செயின் ஸ்ப்ராக்கெட், பிரேக் பேட், பேட்டரி, கோன் செட், இன்ஷூரன்ஸ் புதுப்பிப்பு. 350 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீட்டுக்கு மட்டும் ஆண்டுக்கு 2,804 ரூபாய் என 2022-ல் நிர்ணயிக்கப்பட்டது, 150-க்கு மேல் 350 சி.சி.க்குள் என்றால் 1,366 ரூபாய். இந்தப் பட்டியலை ஒரு மெக்கானிக்கிடம் காட்டி எழுத்தில் எஸ்டிமேட் வாங்கி, அந்தத் தொகையைத் தானே கழித்துக்கொண்டு, அதைச் சொல்லியும் விற்க வேண்டும். பேரத்துக்குக் கொஞ்சம் இடம்விடலாம். நம் ஊரில் பேரம் பேசாமல் வாங்கினால் வாங்கியவருக்கே திருப்தி இருக்காது. ஆனால் அந்த இடம் சில ஆயிரங்களாக இருக்கட்டும். 40,000 கூட்டிச் சொல்லி 40,000 இறங்கி வருபவர், தன் வார்த்தைக்கு மதிப்பில்லை என்பதைத் தானே நிரூபித்துவிடுகிறார்.

ஆக்ஸசரீஸ் விஷயத்தில் மனதைக் கல்லாக்கிக்கொள்ள வேண்டும். பெட்டிகள், கூடுதல் விளக்குகள், விண்ட்ஷீல்டு, கஸ்டம் சீட் எல்லாம் வாங்கியவரின் உயரத்துக்கும் பயணத்துக்கும் ரசனைக்கும் ஏற்றவை. அடுத்தவர் அதில் பாதியைக் கழற்றிப் போடக்கூடும். விளக்குக்காக வெட்டி ஒட்டப்பட்ட ஒயரிங் அவர் கண்ணுக்கு வசதியாகத் தெரியாது, வரப்போகும் கோளாறாகத்தான் தெரியும். சத்தமான சைலன்ஸர் போலீஸ் அபராதத்தை நினைவூட்டும். ஒரிஜினல் பாகங்களைத் திரும்ப மாட்டிவிட்டு, கழற்றியவற்றைத் தனித்தனியாக விற்பதுதான் லாபம். தேவைப்படுபவர் அவற்றுக்குத் தனியாக நல்ல விலை தருவார். வண்டியோடு விட்டுவைக்க வேண்டியது எஞ்சினைக் காக்கும் கிராஷ் கார்டு. அதில் இருக்கும் கீறலையும் மறைக்க வேண்டாம். எங்கே, எப்படி விழுந்தது என்று சொல்லிவிடலாம்.

“குறையைச் சொன்னால் விலையை அடிப்பார்களே?”

இந்த ஆட்சேபம் நியாயமானது. குறையைச் சொன்னதும் சிலர் அதையே பிடித்துத் தொங்குவார்கள். ஆனால் அவர்கள் குறை சொல்லாத வண்டியிலும் ஏதாவது ஒன்றைக் கண்டுபிடித்துத் தொங்குபவர்கள். உண்மையாகவே வாங்க வருபவர் மெக்கானிக்கோடு வருகிறார். மறைத்த ஒரு குறையை அந்த மெக்கானிக் கண்டுபிடித்துவிட்டால், சொன்ன மற்ற எல்லாவற்றின் மீதும் சந்தேகம் பரவும். அப்போது விலை இறங்காது, வியாபாரமே முறியும். குறைக்கான செலவை எழுத்தில் காட்டும்போது பேரம் அந்தத் தொகையைச் சுற்றியே நடக்கும். அதற்கு மேல் போகாது.

“கிலோமீட்டர் குறைவாக இருந்தால் போதாதா?” என்பது அடுத்த கேள்வி. போதாது. ஐந்தாண்டில் 6,000 கிலோமீட்டர் மட்டும் ஓடிய வண்டி கடற்கரைக் காற்றில் சும்மா நின்ற வண்டி. பேட்டரி உட்கார்ந்திருக்கும், டயர் இறுகியிருக்கும், பெட்ரோல் டேங்க்குக்குள் துரு பிடித்திருக்கலாம். பெட்ரோலிலும் இப்போது ஒரு சந்தேகம் சேர்ந்திருக்கிறது. 20 சதவிகித எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் 2025-ல் நாடெங்கும் பரவலாகிவிட்டது. அதற்கேற்ற பாகங்களோடு புது வண்டிகள் வரத் தொடங்கியது 2023 ஏப்ரலிலிருந்துதான். மைலேஜ் இழப்பு மிகக் குறைவு என்கிறது மத்திய அரசு. ஆனாலும் முந்தைய வண்டியை வாங்குபவர் ரப்பர் குழாய்களைப் பற்றிக் கேட்கத்தான் செய்வார். ஒழுங்காக சர்வீஸ் செய்து ஹைவேயில் 35,000 கிலோமீட்டர் ஓடிய வண்டி, நின்றே கெட்ட வண்டியைவிட மேல். அதை நிரூபிக்க பில் வேண்டும் என்பதுதான் நிபந்தனை.

“இத்தனை பாடு எதற்கு? எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிட்டால் தலைவலி தீர்ந்ததே!” என்பார்கள் சிலர். நேரம் இல்லாதவர்களுக்கு, வெளிநாட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருப்பவர்களுக்கு, அது சரியான முடிவுதான். ஆனால் டீலர் குறைத்துத் தரும் தொகை எதற்கு என்று புரிந்துகொண்டு கொடுக்க வேண்டும். வண்டியைச் சோதித்து, சரிசெய்து, விற்கும்வரை பணத்தை முடக்கி, சந்தேகத்தைத் தன் தலையில் ஏற்றுக்கொள்வதற்கான கூலி அது. பதிவு பெற்ற வியாபாரி தன் லாபத்தில் 18 சதவிகித ஜி.எஸ்.டி.யும் கட்ட வேண்டும். தனிநபர் தனிநபருக்கு விற்றால் அந்த வரி இல்லை. ராயல் என்ஃபீல்டே 2023-ல் ‘ரீஓன்’ என்ற பெயரில் பழைய வண்டி வணிகத்தில் இறங்கியது. சோதித்துப் பார்த்த வண்டி, வாரன்ட்டி என்று அது விற்பது சந்தேக நிவர்த்தியைத்தான். கம்பெனிக்கு அதில் லாபம் இருக்கிறதென்றால், பில்களை அடுக்கிவைத்திருக்கும் தனிநபருக்கும் அதில் ஒரு பங்கு இருக்கிறது.

“எல்லாவற்றையும் சந்தைதானே தீர்மானிக்கிறது, காகிதத்தால் என்ன ஆகும்?” என்ற கேள்வியும் மிஞ்சுகிறது. வரம்பைச் சந்தை தீர்மானிக்கிறது என்பது உண்மை. எந்த ஆவணமும் ஓட்டை வண்டியை நல்ல வண்டியாக்காது. யாரும் விரும்பாத மாடலை விருப்பமானதாக்காது. ஆனால் அந்த வரம்பின் அடியில் விற்பதா, தலையில் விற்பதா என்பது ஆவணத்தின் கையில் இருக்கிறது. டூரிங் பைக்குகளில் அடிக்கும் தலைக்கும் இடையிலுள்ள தூரம் பெரிது.

பெயர் மாறும்வரை விற்பனை முடியவில்லை

விற்பவர் வாங்குபவரின் சந்தேகத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியது பணம் கைக்கு வரும்வரை. அதற்குப் பிறகு விற்பவர் தன் கவலையைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். 2018 பிப்ரவரி 6 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. 2007-ல் ஒருவர் விற்ற கார் அடுத்தடுத்துக் கைமாறி, 2009 மே மாதம் விபத்துக்குள்ளானது. பதிவுச் சான்றில் முதலாமவர் பெயரே இருந்தது. நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு யார்? பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டத்தின் கண்ணில் உரிமையாளர் என்றது நீதிமன்றம். விற்று இரண்டு ஆண்டுகள் கழித்து, யாரோ ஓட்டிய வண்டிக்கு, விற்றவர் பொறுப்பானார். மோட்டார் சைக்கிளுக்கும் இதே சட்டம்தான்.

எனவே பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் வெற்றிடத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுக் கைகழுவும் பழக்கத்தை விட வேண்டும். மாநிலத்துக்குள் விற்றால் 14 நாட்களுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டியது விற்பவரின் கடமை. பரிவாகன் இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். தவணை முடிந்த வண்டியென்றால் வங்கியின் தடையின்மைச் சான்றோடு படிவம் 35 கொடுத்து ஆர்.சி.யிலிருந்து அடமானக் குறிப்பை முன்கூட்டியே நீக்கிவிட வேண்டும். இந்த ஒரு வேலை முடிந்திருந்தாலே வாங்குபவரின் தயக்கம் பாதி தீரும். கடற்கரைச் சாலை போய்ச் சேரும் புதுச்சேரியின் பதிவெண் கொண்ட வண்டி என்றால், படிவம் 28-ல் அங்கிருந்து தடையின்மைச் சான்று வாங்க வேண்டும்; இங்கே வரி கட்டிப் பதிவும் மாற்ற வேண்டும். அந்த வண்டி விலை குறைவாக இருப்பதற்குக் காரணம் அதுதான். ஆசைப்படுபவர்கள் முழுக் கணக்கையும் போட்டுப் பார்க்கட்டும். டீலரிடம் கொடுப்பவர்களுக்கும் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. 2023 ஏப்ரல் 1 முதல், அனுமதி பெற்ற டீலரிடம் வண்டியை ஒப்படைத்ததை படிவம் 29சி மூலம் பதிவு செய்யலாம். செய்தால் அதற்குப் பின் பொறுப்பு டீலருடையது. அனுமதி இல்லாத டீலர் என்றால் அந்தப் பாதுகாப்பு இல்லை.

பணத்திலும் கவனம் வேண்டும். 2 லட்சம் ரூபாய் அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டப்படி தடை இருக்கிறது. வாங்கிய தொகைக்குச் சமமாக அபராதம் விதிக்கலாம். டூரிங் பைக்குகள் எளிதில் அந்த எல்லையைத் தொட்டுவிடும். வங்கிக் கணக்கில் பணம் ஏறியதைத் தன் கணக்கிலேயே பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுக்க வேண்டும்; எதிராளி காட்டும் ஸ்க்ரீன்ஷாட்டை நம்பக்கூடாது. டெஸ்ட் ரைடு கேட்பவரிடம் லைசென்ஸைப் பார்க்காமல் வண்டியைத் தந்தால், 5,000 ரூபாய் அபராதம் உரிமையாளருக்கும் வரலாம். இன்னொன்று, க்ளெய்ம் செய்யாமல் ஓட்டியதற்காகக் கிடைக்கும் நோ க்ளெய்ம் போனஸ் வண்டிக்குச் சொந்தமல்ல, ஆளுக்குச் சொந்தம். அதற்கான சான்றிதழை வாங்கிக்கொண்டால், அடுத்து வாங்கும் வண்டியின் சொந்தச் சேத பிரீமியத்தில் 50 சதவிகிதம் வரை மிச்சமாகும்.

வண்டியை விற்கத் தீர்மானித்திருப்பவர்கள் விளம்பரம் எழுத உட்காருவதற்கு முன்னால் ஒரு கோப்பு தயார் செய்யுங்கள். ஆர்.சி., இன்ஷூரன்ஸ், வங்கித் தடையின்மைச் சான்று, சர்வீஸ் பில்கள், டயர் பில், மெக்கானிக்கின் எஸ்டிமேட் ஆகியவை அதில் இருக்கட்டும். அந்தக் கோப்பு கைவசம் இருந்தால், “லாஸ்ட் என்ன?” என்ற கேள்விக்கு நீங்கள் சொல்லும் தொகைக்குக் காரணம் இருக்கும். பணம் வந்த பிறகும், ஆர்.சி.யில் புதியவர் பெயர் ஏறிவிட்டதைப் பரிவாகனில் பார்க்கும்வரை வண்டி உங்களுடையதுதான்.